இடது மேல் மூலையில் அத்தை

மார்ச் 3

அன்புள்ள அத்தைக்கு,

நலம். நீங்கள் நலமா என்று கேட்கவே கை கூசுகிறது. போன் செய்தால் நாத்தனார் எடுத்து, "அம்மா தூங்குறாங்க" என்கிறார். காலை பத்து மணிக்கு நீங்கள் தூங்கி நான் பார்த்ததே இல்லை. அதனால்தான் கடிதம்.

நாத்தனாருக்கு முதுகுவலி, கூடமாட ஒத்தாசைக்குப் போகிறேன் என்று உங்கள் மகனிடம் சொல்லிவிட்டுப் போனீர்கள். அவரும் நம்பிவிட்டார். அவர் எதைச் சொன்னாலும் நம்புவார். எனக்குத்தான் நம்ப முடியவில்லை. அன்று சாயங்காலம் படித்து முடித்துவிட்டு ஹெட்போனைக் கழற்றித் திரும்பினால், நான் சாத்தி வைத்த கதவு பாதி திறந்திருந்தது. வெளியே தரையில், சுவர் ஓரமாக, டீ டம்ளர். ஆடை கட்டி ஆறிப் போயிருந்தது. நீங்கள் உள்ளே வந்து, திரையைப் பார்த்து, நான் தோழிகளிடம் பேசியதையும் கேட்டுவிட்டு, சத்தம் போடாமல் திரும்பிப் போயிருக்கிறீர்கள். மறுநாள் காலையில் பெட்டியோடு கிளம்பிவிட்டீர்கள்.

அது என்னவென்று சொல்லிவிடுகிறேன். நான் படிப்பது நெட்வொர்க் பரீட்சை என்று உங்களுக்குத் தெரியும். இது பேனா பிடித்து எழுதும் பரீட்சை இல்லை. உட்கார்ந்து செய்து காட்ட வேண்டும். ஒரே ஒரு திரை, ஆறு கருவிகள். ஒவ்வொரு கருவிக்கும் கட்டளை அடிக்க ஒரு டெர்மினல் விண்டோ திறக்க வேண்டும். ஆறும் ஒரே கறுப்பு, ஒரே வெள்ளை எழுத்து. ஒன்றில் அடிக்க வேண்டியதை இன்னொன்றில் அடித்துவிட்டால் கதை முடிந்தது. அதனால் படிக்கிறவர்கள் எல்லோரும் ஒவ்வொரு விண்டோவுக்கும் ஒரு நிறம், ஒரு பெயர், திரையில் ஓர் இடம் என்று பழகிக்கொள்வார்கள். நீங்கள் பார்த்த பெயர்கள் என்னோடு படிக்கும் தோழி வைத்தவை. அதில் இருந்தது அவளுடைய அத்தை. நான் சிரித்ததும் அந்த அத்தையைப் பற்றித்தான்.

இதில் தேறிவிட்டால் ஹெல்ப்டெஸ்க்கில் உட்கார்ந்து ஊரார் வசவையெல்லாம் காதில் வாங்கும் வேலையிலிருந்து நெட்வொர்க் பிரிவுக்கு மாற்றுவார்கள். அந்தக் கவலையில் பேசியதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சீக்கிரம் வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்


மார்ச் 9

மருமகளுக்கு,

உன் கடிதம் வந்தது. கையெழுத்து நன்றாக இருக்கிறது. பொய்தான் சரியில்லை.

உன் தோழிக்கும் ஓர் அத்தை இருக்கலாம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பக்கத்துக் கட்டத்தில் "நாத்தனார்: காரணம் இல்லாமல் கட் ஆகும், தானாகவே வரும்" என்று இருந்ததே. பேச்சு நடுவில் கோபித்துக்கொண்டு போனை வைத்துவிட்டு, மறுநாள் ஒன்றுமே நடக்காத மாதிரி கூப்பிடுகிற நாத்தனார் அவளுக்கும் ஒன்று வாய்த்திருக்கிறதா? அதற்குக் கீழே "அவர்: ரெண்டு தடவை சொன்னால்தான் கேட்கும்." என் பிள்ளையை எனக்குத் தெரியாதா?

இடது மேல் மூலையில், சிவப்பு நிறத்தில் என்ன இருந்தது என்று நீ எழுதவில்லை. நான் எழுதுகிறேன். "அத்தை: பார்க்க மட்டும். கை வைத்தால் வீடே போச்சு." அதைப் படித்துக்கொண்டு நிற்கும்போது நீ யாரிடமோ, "ஐயோ, அத்தை மறுபடி மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டாங்கடி" என்று சொல்லிச் சிரித்தாய். அந்தப் பக்கம் எத்தனை பேர் சிரித்தார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. உன் தோள் குலுங்கியதைப் பார்த்தேன். என் வீட்டில் நீ அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

லேடீஸ் ஹாஸ்டலில் வார்டனாக இருந்தவள் நான். பிள்ளைகள் எனக்கு என்ன பெயர் வைத்திருந்தார்கள் என்று தெரியாமலா இருக்கும்? மாடிப்படியில் என் செருப்புச் சத்தம் கேட்டதுமே "சைரன் வருது" என்பார்கள். சம்பளத்தோடு சேர்ந்து வருகிற பெயர் என்று விட்டுவிடுவேன். ஓய்வு பெற்ற அன்று அதை ஹாஸ்டல் கேட்டிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டதாக நினைத்திருந்தேன்.

தண்ணீர் வடிகட்டியைக் கழற்றிக் கழுவ நாளாகிவிட்டது. அவனுக்கு அதெல்லாம் தெரியாது. பால்கனிச் செடிக்கு நேராகத் தண்ணீர் ஊற்றாதே, வேர் அழுகும். என் மாத்திரைச் சீட்டு அலமாரியின் மேல் தட்டில் இருக்கும், அதை மட்டும் அனுப்பி வை.

உன் நாத்தனாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மறைப்பானேன்?

அத்தை


மார்ச் 14

அன்புள்ள அத்தைக்கு,

மாத்திரைச் சீட்டை இதோடு வைத்திருக்கிறேன்.

உங்கள் கடிதத்தைக் குளியலறையில் நின்று படித்தேன். கூடத்தில் அவர் இருந்தார். நம் வீட்டில் உள்ளே தாழ்ப்பாள் உள்ள ஒரே இடம் அதுதான்.

பெயர்களை வைத்தது நான்தான். தோழி இல்லை. அவளுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. அவளுக்கு ஏது அத்தை, ஏது நாத்தனார்? இதைக்கூட யோசிக்காமல் எழுதியிருக்கிறேன்.

ஏன் வைத்தேன் என்று சொல்கிறேன். ஆரம்பத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்கள்தான் போட்டிருந்தேன். அவசரத்தில் மூன்றில் அடிக்க வேண்டியதை ஒன்றில் அடித்துவிடுவேன். ஒன்று என்பது நடுவில் இருக்கும் ரவுட்டர். மற்ற ஐந்துக்கும் அதன் வழியாகத்தான் போக வேண்டும். அதில் கை தவறினால் ஆறும் போய்விடும். நிறத்தை மாற்றிப் பார்த்தேன். "கவனம்" என்று பெரிதாக எழுதிப் பார்த்தேன். இரண்டு நாளில் கண்ணுக்குப் பழகிவிட்டது, அதையும் தாண்டிக் கை போய்விட்டது.

ஒரு நாள் விளையாட்டாக வீட்டு ஆட்களின் பெயரை வைத்தேன். நம் வீட்டில் எல்லாமே உங்கள் வழியாகத்தானே நடக்கிறது. அதனால் நடுவில் இருப்பதற்கு உங்கள் பெயர். அன்றிலிருந்து அந்த விண்டோவில் ஒரு தப்புகூட நடக்கவில்லை, அத்தை. அங்கே போனதும் என் கை தானாக நிற்கும். அடித்ததை இன்னொரு தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் எண்டர் தட்டுவேன். வீட்டிலும் எனக்கு அப்படித்தான். ஃபேன் சுவிட்சைப் போடும்போது, அடுப்பைக் குறைக்கும்போது, உங்கள் சால்வையை நாற்காலியிலிருந்து எடுக்கும்போதெல்லாம் ஒரு தடவை நின்றுவிட்டுத்தான் கை போகும்.

எழுதிய பிறகு பார்த்தால், நான் சிரித்ததைவிட இது உங்களுக்கு மோசமாகப் படும் என்று தோன்றுகிறது. கிழித்துப் போடத்தான் நினைத்தேன். ஏற்கனவே ஒரு பொய்யில் மாட்டிக்கொண்டதால் கிழிக்கவில்லை.

அந்த விண்டோ பதில் தரத் தாமதமானால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டதாகச் சொல்வோம். சிரித்ததற்குச் சமாதானம் ஒன்றும் இல்லை. பெயரோடு விட்டிருக்கலாம். தோழிகள் சிரித்தார்கள் என்று கீழே ஒரு வரி சேர்த்தேன். இன்னும் சிரித்தார்கள், இன்னும் சேர்த்தேன். யாராவது நான் சொல்வதைக் கேட்டுச் சிரித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. உங்கள் பெயரை விற்றுச் சிரிப்பு வாங்கினேன். நினைத்தால் உடம்பெல்லாம் கூசுகிறது.

எல்லாப் பெயர்களையும் எடுத்துவிட்டேன். மறுபடி எண்கள்தான். பரீட்சை 21ஆம் தேதி. வடிகட்டியைக் கழுவிவிட்டேன்.

மருமகள்


மார்ச் 18

மருமகளுக்கு,

மாத்திரைச் சீட்டு வந்தது.

பெயரை எடுத்துவிட்டாய் என்று எழுதியிருக்கிறாய். நல்லது. பரீட்சையை நன்றாகச் செய். இங்கே வேறு விசேஷம் இல்லை.

அத்தை


மார்ச் 24

அன்புள்ள அத்தைக்கு,

தேறவில்லை.

இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. முடிவு வர நாளாகும் என்று உங்கள் மகனிடம் சொல்லியிருக்கிறேன். அலுவலகத்திலும் அதையேதான். முடிவு வந்து என் லேப்டாப்பில் கிடக்கிறது. உங்களிடம் மட்டும் ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. உங்கள் முன்னால் காப்பாற்றிக்கொள்ள எனக்கு இனி மானம் ஒன்றும் மிச்சமில்லை என்பதால் இருக்கும்.

பரீட்சைக் கூடம் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில். பையையும் போனையும் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். மேஜைகளுக்கு நடுவே பலகைத் தடுப்பு. ஆறு விண்டோவையும் திறந்து எண் போட்டேன். சிவப்பை மட்டுமாவது வைக்கலாமா என்று பார்த்தேன். சிவப்பைப் பார்த்ததுமே உங்கள் ஞாபகம் வந்தது, அதையும் எடுத்துவிட்டேன்.

பாதி வேலை நன்றாகவே முடிந்தது. அப்புறம் நாலாவது கருவியில், யாரும் பயன்படுத்தாத ஒரு போர்ட்டை, அதாவது கேபிள் செருகும் இடத்தை, மூட வேண்டும். சின்ன வரி. பயிற்சியில் கண்ணை மூடிக்கொண்டு அடித்திருக்கிறேன். அடித்து எண்டரும் தட்டிவிட்டேன். தட்டிய பிறகு பார்த்தால் நான் இருந்தது நாலில் இல்லை, ஒன்றில். ஒன்றில் அதே எண்ணுள்ள போர்ட் வழியாகத்தான் என் கணினியே உள்ளே போயிருந்தது. வெளியே நின்றுகொண்டு உள்பக்கத் தாழ்ப்பாளைப் போட்டுவிட்ட மாதிரி ஆகிவிட்டது. ஒன்றில் கர்சர் அசையவில்லை. இரண்டுக்குப் போனேன், அதுவும் இல்லை. ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தேன். ஆறும் போயிருந்தன.

இது வரைக்கும் நடந்தது கைத்தவறு. இதற்குப் பிறகு நான் செய்ததுதான் வெளியே சொல்ல முடியாதது.

கையைத் தூக்கினால் கண்காணிப்பாளர் வந்து கருவிகளை மறுபடி இயக்கிக் கொடுப்பார். போன நேரம் போனதுதான், ஆனால் மீதி வேலையைச் செய்யலாம். ஆரம்பத்திலேயே படித்துக் காட்டினார்கள். எனக்கு நன்றாகத் தெரியும். நான் கையைத் தூக்கவில்லை. தூக்கினால் என்ன ஆச்சு என்று கேட்பார். பக்கத்து மேஜையில் எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு நான்தான் போன மாதம், "எந்த விண்டோவுல இருக்கேன்னு பார்த்துட்டு அடி" என்று பாடம் எடுத்தேன். அவள் காதில் விழும்.

அதனால் மீதி நேரம் முழுவதும் செத்துக் கிடக்கிற விண்டோவில் டைப் செய்துகொண்டே இருந்தேன். கண்காணிப்பாளர் பின்னால் வரும்போது வேகமாக அடித்தேன். நடுவில் கொஞ்சம் யோசிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். ஒரு தடவை அவர் நின்று, "எல்லாம் ஓகேவா மேடம்?" என்றார். "ஓகே சார்" என்றேன். சிரிக்கக்கூடச் செய்தேன்.

ஏப்ரலில் இன்னொரு வாய்ப்பு தருவார்கள். போவதா வேண்டாமா என்று தெரியவில்லை. உங்கள் சால்வை நாற்காலியில் நீங்கள் மடித்து வைத்தபடியே இருக்கிறது. தூசி படிகிறது. எடுத்து உள்ளே வைக்கட்டுமா?

மருமகள்


ஏப்ரல் 2

மருமகளுக்கு,

சால்வையை எடுத்து உள்ளே வை. இதற்கெல்லாமா கடிதம் எழுதிக் கேட்பாய்?

நான் செய்த ஒரு காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அப்புறம் எழுத வராது. பெயரை ஏன் வைத்தேன் என்று நீ எழுதிய கடிதத்தை நான் இங்கே கூடத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். உன் நாத்தனாரும் அவளுடைய மாமியாரும் கேட்டார்கள். "பேரைப் பார்த்தாலே கை நிக்குதாம், பார்த்தீங்களா சம்பந்தி" என்று நானேதான் சொன்னேன். கோபத்தில் சொல்லவில்லை. பெருமையாகச் சொன்னேன். சம்பந்தியம்மா, "அப்படி ஒரு பயம் இருக்கணும். நீங்க கொடுத்து வெச்சவங்க" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். நீ குளியலறையில் நின்று படிக்கிற மாதிரியான கடிதத்தை நான் கூடத்தில் வைத்துப் படித்தேன். உன் நாத்தனார் சிரிக்கவில்லை. எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நான் அவளைக் கவனிக்க ஆரம்பித்தேன். இங்கே எனக்கு வேறு என்ன வேலை? கூடத்துக் கட்டிலில் படுத்திருக்கிறேன். ஃபேனை யார் வந்து வேகமாக வைத்தாலும் பேசாமல் போர்த்திக்கொள்கிறேன். போன வாரம் நான் சமையலறையில் உட்கார்ந்திருந்தபோது அவள் அடுப்பில் இருந்ததற்கு உப்புப் போடக் கையில் எடுத்தாள். சம்பந்தியம்மா தண்ணீர் குடிக்க உள்ளே வந்தார். பாவம், அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நல்ல மனுஷிதான். என் பெண்ணின் கை பாத்திரத்துக்கு மேலே அப்படியே நின்றது, உப்பு விரலிலேயே இருந்தது. அவர் வெளியே போன பிறகுதான் கீழே விழுந்தது.

வாயாடி அவள். பள்ளிக்கூடத்தில் ஹெட்மிஸ்ட்ரஸையே எதிர்த்துப் பேசிவிட்டு வந்து நின்றவள். அதைப் பார்த்துக்கொண்டு அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து வந்துவிட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. உன் கை நிற்கிறது என்று நீ எழுதியதைப் படித்தபோது நான் அப்படி எழுந்து போகவில்லை.

இப்போது உன் பரீட்சைக்கு வருகிறேன். போர்ட்டை மூடியதெல்லாம் எனக்குப் புரியவில்லை. டைப் செய்கிற மாதிரி நடித்தது புரிந்தது. கையைத் தூக்கி ஒரு வார்த்தை கேட்பதற்கு உனக்கு என்ன கேடு என்று திட்டி எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதும்போது வேறொன்று ஞாபகம் வந்தது. இந்த நாலு வருஷமாக உன் அறைக்குள் நான் தட்டாமலே வந்துகொண்டிருக்கிறேன். ஹாஸ்டலில் அது என் வேலை. எந்த அறையில் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும், தட்டினால் ஒளித்துவிடுவார்கள். வீட்டிலும் அதே பழக்கம். நீ உடை மாற்றிக்கொண்டிருந்தபோதுகூட ஒரு நாள் வந்துவிட்டேன். நீ துணியை மார்போடு பிடித்துக்கொண்டு, "வாங்க அத்தை" என்றாய். "தட்டிட்டு வாங்க" என்று சொல்லவில்லை. அங்கே போய்த்தான் நீ புதிதாகக் கை தூக்காமல் இருந்தாய் என்று நினைக்காதே. உன்னைப் பழக்கியது நான்.

அடுத்த தடவை கட்டாயம் போ. என் பெயரை மறுபடியும் அதே இடத்தில் வை. சிவப்பையும் போடு. நான் சொல்லித்தான் வைக்கிறாய், அதனால் கூச்சப்படாதே. வீட்டில் அந்தப் பயம் யாருக்கும் ஒரு நல்லதும் செய்யவில்லை. உன் வேலைக்காவது உபயோகப்படட்டும். கீழே எழுதிய வரியை மட்டும் மாற்றிக்கொள், அது எனக்குப் பிடிக்கவில்லை.

தேறாத விஷயத்தை அவனிடம் நீயே சொல். என் வாயிலிருந்து வராது.

எப்போது வருகிறீர்கள் என்று அவன் போனில் கேட்கிறான். என்ன முகத்தை வைத்துக்கொண்டு வருவது என்று அவனிடம் எப்படிச் சொல்வேன்?

அத்தை


ஏப்ரல் 20

அன்புள்ள அத்தைக்கு,

முதலில் உங்கள் மகனிடம் சொன்னதைச் சொல்கிறேன். அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். "நான் பரீட்சையில தேறலைங்க" என்றேன். "ம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை சொன்னேன். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "எப்போ? ரிசல்ட் வரலைன்னியே!" என்றார். இரண்டு தடவை சொன்னால்தான் கேட்கும் என்று நான் எழுதியதில் தப்பே இல்லை. பொய் சொன்னதற்குக் கோபித்துக்கொண்டார், இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. மூன்றாவது நாள், "திரும்பப் போறப்போ நான் கொண்டுபோய் விடறேன்" என்றார். அன்று இஸ்திரி போட்ட சட்டைக் காலரில் ஓர் இடம் கருகிவிட்டது.

நேற்று மறுபடி போனேன். அதே கூடம், அதே கண்காணிப்பாளர். என்னைப் பார்த்ததும் "வாங்க மேடம்" என்று வேறு சொன்னார், எனக்குக் காது சுட்டது.

உட்கார்ந்த உடனே கீபோர்டில் எண்டர் பட்டன் சிக்கிக்கொண்டது. ஒரு தடவை அழுத்தினால் இரண்டு தடவை போனது. சமாளித்துவிடலாம் என்று அதன்மேல் விரலை மெதுவாக வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உங்கள் கடிதம் ஞாபகம் வந்தது. கையைத் தூக்கினேன். தோள் வரைக்கும்தான் போயிற்று, மேலே போகவில்லை. கண்காணிப்பாளர் பார்க்கவில்லை. அப்புறம் நன்றாகத் தூக்கினேன். வந்தார், வேறு கீபோர்டு கொடுத்தார், போனார். பக்கத்து மேஜையில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அத்தை. இவ்வளவுதானா என்று இருந்தது.

இடது மேல் மூலையில் உங்களை வைத்தேன். சிவப்பில். கீழே பழைய வரிக்குப் பதிலாக "கேட்டுவிட்டுச் செய்" என்று எழுதினேன். நாத்தனாரையும் அவரையும் சேர்க்கவில்லை, மற்ற ஐந்துக்கும் எண்கள்தான்.

பாதிக்கு மேல் ஆன பிறகு அது வந்தது. இந்தத் தடவை ஐந்தில் அடிக்க வேண்டிய ஒரு வரி. முழுவதும் அடித்து முடித்து, விரல் எண்டர் மேல் இருந்தது. கை நின்றுவிட்டது. ஏன் என்று எனக்கே முதலில் புரியவில்லை. மேலே பார்த்தால் சிவப்பு. ஐந்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டு உங்களுக்குள் உட்கார்ந்திருக்கிறேன். பயத்தில்தான் நின்றது. அன்பில் நின்றது என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் உங்களிடம் பொய் எடுபடாது. என்னையும் அறியாமல், "சாரி அத்தை" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். கண்காணிப்பாளர் தூரத்திலிருந்து, "பேசக் கூடாது மேடம்" என்றார். வரியை அழித்துவிட்டு ஐந்துக்குப் போய் அடித்தேன்.

தேறிவிட்டேன். கடைசி வேலைக்கு நேரம் போதவில்லை, ஆனாலும் தேறிவிட்டேன். போன தடவை பக்கத்து மேஜையில் இருந்த அலுவலகப் பெண் அப்போதே தேறிவிட்டாளாம். இனி அவளிடம் நான் பாடம் கேட்க வேண்டும்.

நீங்கள் என் கடிதத்தைப் படித்துக் காட்டியதாக எழுதியது எனக்கு வலித்தது. வலிக்கவில்லை என்று எழுதி, அடித்துவிட்டு, இதை எழுதுகிறேன். நான் உங்கள் பெயரைச் சொல்லிச் சிரித்தேன், நீங்கள் என் கடிதத்தைப் படித்துச் சிரித்தீர்கள். கூட்டிக் கழித்துப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

ஒன்று கேட்க வேண்டும். பரீட்சைக்கு முன்னாலிருந்தே எழுதி எழுதிக் கிழிக்கிறேன். கை தோள் வரைக்கும்தான் போகிறது. நீங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள். வந்த பிறகு, அறைக்குள் வரும்போது தட்டிவிட்டு வாருங்கள். இரண்டும் சேர்த்துத்தான் கேட்கிறேன். இரண்டாவதைக் கேட்டதால் முதலாவது இல்லாமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

மருமகள்


ஏப்ரல் 25

மருமகளுக்கு,

தேறியது சந்தோஷம். உன் நாத்தனாரிடம் சொன்னேன். குதித்தாள். அவளும் ஏதோ படிக்கப் போகிறாளாம். உன்னைக் கூப்பிட்டுப் பேசுவாள். நடுவில் வைத்துவிட்டால் கண்டுகொள்ளாதே, தானாகவே வருவாள்.

உன் கடிதத்தை யாருக்கும் படித்துக் காட்டவில்லை. இங்கேயும் குளியலறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது.

"தட்டிவிட்டு வாருங்கள்" என்ற வரியைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்று கோபம்தான் வந்தது. மடித்து வைத்துவிட்டேன். கேட்கச் சொல்லிக்கொடுத்ததே நான், என்னிடமே கேட்கிறாளே என்று இருந்தது. சாயங்காலம் மறுபடி எடுத்துப் படித்தேன். இத்தனை வருஷத்தில் நீ உனக்கென்று என்னிடம் கேட்ட முதல் விஷயம் இது. அதையும் பயந்துகொண்டே கேட்டிருக்கிறாய். கோபப்பட்டதற்கு வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வருகிறேன். அவனை பஸ் நிலையத்துக்கு வரச் சொல், இரண்டு தடவை சொல். கருகின காலர் சட்டையைப் போட்டுக்கொண்டு வரவேண்டாம் என்றும் சொல்.

சாயங்காலம் நீ உள்ளே உட்கார்ந்திருக்கும்போது டீ கொண்டுவருவேன். தட்டுவேன். தட்டிய கை பழக்கதோஷத்தில் அப்படியே கதவைத் தள்ளப் பார்க்கும், அதைப் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நிற்கிறேன். நீ உடனே பதறி எழுந்து ஓடிவராதே. எந்தக் கட்டத்தில் இருக்கிறாய் என்று பார்த்து, கையில் இருப்பதை முடித்துவிட்டு, மெதுவாக வந்து திற.

டீ ஆறினால் ஆறட்டும். சூடு பண்ணிக்கொள்ளலாம்.

அத்தை